சூட் நாலு, கார்டு நாற்பது

கன்னிமாரா பிரபு 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர். அவர் பெயரை இந்த ஊர் இன்னும் இரண்டு இடங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒன்று எழும்பூரில் 1896-ல் திறந்த பொது நூலகம். இன்னொன்று பின்னி சாலை ஓட்டல். நூலகத்தில் முதலில் வந்தவருக்கு மின்விசிறிக்குக் கீழே இடம். கார்டில் ஏற்றத்தாழ்வு கிடையாது. நட்சத்திர ஓட்டல்களின் கார்டுக்கோ வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உலோகம் உண்டு. உலோகம் ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறும். அந்த எதிர்பார்ப்பில் தலையாயது, கட்டிய பணத்துக்கு மேலான அறை. எல்லோருக்கும் தெரிந்த பெயரில் சொன்னால், அப்கிரேட்.

வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு நட்சத்திர ஓட்டல் அறையைப் பற்றிப் பேச்சா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எம்.சி. ரோடு ஜவுளிக்காரர் கொள்முதலுக்கு சூரத்துக்கும் மும்பைக்கும் போகிறார். தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்டுக்குக் கொச்சியிலும் கொழும்பிலும் வேலை இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிற இன்ஜினீயர்கள் நகரத்துக்குள் தங்கித்தான் இங்கே வந்து போகிறார்கள். இதைவிட முக்கியம், கேட்டரிங் படித்த நம் பேட்டைப் பிள்ளைகள் அந்த ஓட்டல்களின் ரிசப்ஷனில் நிற்கிறார்கள், ஹவுஸ்கீப்பிங்கில் படுக்கை விரிக்கிறார்கள். 2019-ல் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை ஓடத் தொடங்கிய பிறகு அண்ணா சாலைப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புவதுதான் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாயிற்று. ஆக, மேசைக்கு இந்தப் பக்கமும் நம்மவர், அந்தப் பக்கமும் நம்மவர்.

இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லும் கதைகள் ஒன்றுக்கொன்று ஒட்டுவதில்லை. ஒருவருக்குக் கேட்காமலே தோட்டத்தைப் பார்த்த சூட், பழத்தட்டு, கையால் எழுதிய வரவேற்புச் சீட்டு. அதே நிறக் கார்டோடு அடுத்த மாதம் போன அவருடைய பங்காளிக்கு லிப்டுக்குப் பக்கத்து அறை. மூன்றாமவர் கதை இன்னும் வேடிக்கை. அப்கிரேட் என்று சொல்லிப் பழைய கட்டடத்தின் உயர்ந்த கூரை அறையைக் கொடுத்திருக்கிறார்கள். தேக்குத் தரை, பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு நேர் கீழே விடிய விடிய ஹாரன். இரண்டாம் நாள் அவரே போய், தான் பணம் கட்டிய சாதாரண அறையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பழைய ஓட்டல்களில் இந்தக் குழப்பம் கூடுதலாக இருப்பதற்குக் கட்டடமே ஒரு காரணம். கன்னிமாரா ஓட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ல் இம்பீரியல், 1886-ல் ஆல்பனி, 1890-ல் கன்னிமாரா என்று பெயர் மாறி, அதன் பிறகு ஸ்பென்சர் கைக்குப் போனது. 1930-களில் ஆர்ட் டெகோ பாணியில் புது முகம் பெற்றது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்தார். 1984 முதல் தாஜ் நிர்வாகம். 2016-ல் மூடிப் புதுப்பித்து 2018-ல் திறந்தார்கள். மும்பை தாஜில் 1903-ன் அரண்மனைக் கட்டடமும் 1970-களில் எழுந்த டவரும் தோளோடு தோள் நிற்கின்றன. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பகுதி சேர்த்த இடத்தில் அறைகள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்காது. டவரின் மேல்மாடியில் கடலைப் பார்த்த அறை உசத்தியா, அரண்மனையில் ஊரைப் பார்த்த அறை உசத்தியா? விலைப் பட்டியல் ஒன்று சொல்லும், தங்குகிறவர் மனசு வேறொன்று சொல்லும். புது ஓட்டலில் 300 அறையும் ஒரே மாதிரி. மேல்மாடி கொடுத்தாலே ஆள் திருப்தி. பழைய ஓட்டலில் நல்ல சூட்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதற்காகச் சுவரை இடித்துப் பெருக்கவும் முடியாது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் 1991-ல் புதுப்பித்துத் திறந்தபோது எல்லா அறையையும் சூட் என்றே ஆக்கிவிட்டது. இது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

இன்னொரு காரணம், அறை ஒதுக்குகிற வேலை எப்படி நடக்கிறது என்பது. விருந்தாளிக்கு இது தெரியாது, யாரும் சொல்வதும் இல்லை. காலையில் அன்று வரவேண்டியவர்களின் பட்டியல் எடுப்பார்கள். பணம் கட்டி சூட் எடுத்தவர்கள் முதலில். பிறகு நிர்வாகம் பெயர் சொல்லி அனுப்பியவர்கள். பிறகுதான் கார்டு, அதிலும் உயர்ந்த உலோகம் முதலில். இதற்கு முன்பே, கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் பெரிய அறை என்று மின்னஞ்சல் போய், சில சூட்கள் தள்ளுபடியில் விற்றுத் தீர்ந்திருக்கும். பல ஓட்டல்களில் ரிசப்ஷனில் நிற்கிறவருக்கும் அப்படி விற்றுக் கொடுத்தால் ஊக்கத்தொகை உண்டு. காசுக்கு விற்கக்கூடிய அறையை இலவசமாகக் கொடு என்று அவரிடமே எதிர்பார்ப்பது எத்தனை தூரம் நடக்கும்?

இதற்கு மேல் தங்கும் நாள்களின் கணக்கு. நான்கு இரவு தங்குகிறவருக்கு சூட் கொடுக்க வேண்டுமானால் நான்கு இரவும் அது காலியாக இருக்க வேண்டும். ஓர் இரவு தங்குகிறவருக்கு ஓர் இரவு போதும். சாதாரண அறைகளை இருப்பதைவிட அதிகமாக விற்றுவிட்ட நாளில் யாரையாவது மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். அப்போது கார்டே இல்லாத ஒற்றை இரவு ஆள் சூட்டில் தூங்குவார். வருஷத்துக்கு ஐம்பது இரவு தங்கும் பிளாட்டினக்காரர் கீழே இருப்பார். இதில் சூதும் இல்லை, அவமதிப்பும் இல்லை. சொல்லாததால்தான் அவமதிப்பாகத் தெரிகிறது. முகூர்த்த நாள் என்றால் பேச்சே வேண்டாம். எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லாத வாரத்தில் ஓட்டலில் சூட் மட்டும் யாருக்காகக் காலியாக இருக்கும்? மார்கழிக் கச்சேரி நாள்களும் அப்படித்தான், சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாள்களும் அப்படித்தான்.

இந்த கார்டு ஏற்பாடு ஒன்றும் பழைய பழக்கமல்ல. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் பறந்த மைல்களுக்குக் கணக்கு வைத்தது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் போன்ற ஓட்டல்கள் பின்தொடர்ந்தன. இன்று மேரியட்டின் விதிப்படி 25 இரவுக்குக் கோல்டு, 50 இரவுக்குப் பிளாட்டினம். சூட் அப்கிரேட் பேச்சு பிளாட்டினத்தில்தான் தொடங்குகிறது, அதுவும் 'இருந்தால்' என்ற நிபந்தனையோடு. 2022-ல் டாடா நியூ செயலி வந்தபோது தாஜின் திட்டமும் அதனுள் சேர்ந்தது. அங்கே ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். பாயிண்டுக்கு இப்படிப் பைசா சுத்தமாக மதிப்பு சொல்லத் தெரிந்த தொழிலுக்கு அப்கிரேடைப் பற்றி மட்டும் 'இருந்தால்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் சொல்லத் தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை.

எம்.சி. ரோட்டில் வாடிக்கைக்காரருக்குக் கடைக்காரர் முகூர்த்தப் புடவையோடு ஒரு ரவிக்கைத் துணியைச் சேர்த்து வைப்பார். அதைப் பலகையில் எழுதிப் போடமாட்டார். எழுதாதவரை அது அன்பு, எழுதிவிட்டால் கடன். ஓட்டல்காரர்கள் கடனாக எழுதி விளம்பரம் செய்துவிட்டு, கேட்கும்போது அன்பாகப் பேசுகிறார்கள். மெம்பர்கள் சிலர் அன்பாகக் கொடுத்ததைக் கடனாக எண்ணிக் கந்துவட்டிக்காரர் போல வசூலிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது. ஆனால் சம அளவில் அல்ல என்பது என் எண்ணம். எழுதிப் போட்டவர்தான் முதலில் பொறுப்பேற்க வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதற்கு நம் ரயிலே ஒரு வழி காட்டியிருக்கிறது. ரயில்வே 2006-ல் தானாக வகுப்பு உயர்த்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முழுக் கட்டணம் கட்டி, டிக்கெட் எடுக்கும்போதே சம்மதம் சொன்ன பயணிகளில் சிலரை, சார்ட் தயாராகும் நேரத்தில், மேல் வகுப்பில் காலியாகக் கிடக்கும் படுக்கைகளுக்குக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் ஏற்றிவிடும். கூடுதல் காசு கிடையாது. கீழே காலியான படுக்கை வெயிட்டிங் லிஸ்ட்காரருக்குப் போகும். ஸ்லீப்பர் டிக்கெட்டோடு சென்ட்ரலுக்குப் போய் ஏ.சி. பெட்டியில் பெயர் இருப்பதைப் பார்த்து மலைத்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். கிடைக்காதவர் யாரும் டி.டி.இ.யின் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் விதி ஊருக்கே தெரியும், தீர்மானிப்பது டி.டி.இ. அல்ல என்பதும் தெரியும்.

ஓட்டல் குலுக்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அதிகம் தங்கினவருக்கு முன்னுரிமை என்பது அவர்கள் கொடுத்த வாக்கு, அதைக் காப்பாற்றட்டும். ஆனால் வரிசை எது, எந்த வகை அறையிலிருந்து எந்த வகைக்கு உயர்த்துவார்கள், எந்த நாள்களில் கிடையவே கிடையாது, பல இரவு தங்கினால் எப்படி என்பதை முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். பழைய ஓட்டல்கள் இன்னொன்றும் செய்யலாம்: உயர்த்திய அறை எந்தக் கட்டடத்தில், எந்தப் பக்கம் பார்க்கிறது, குளியலறை எப்படி என்று சொல்லிவிட்டு, வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்கிற உரிமையும் சலுகையில் ஒரு பாதிதான்.

அரசின் கையிலும் வேலை இருக்கிறது, அதிகமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மேலே பெரிய எழுத்தில் சொன்னதைக் கீழே அடிக்குறிப்பு மறுத்துப் பேசக்கூடாது என்று அதில் இருக்கிறது. பிரீமியம் கிரெடிட் கார்டு எடுத்தால் ஓட்டலில் கோல்டு ஸ்டேட்டஸ் இலவசம் என்று விற்கும் வங்கிகளுக்கும் இது பொருந்த வேண்டும். ஒரே இரவில் ஆயிரக்கணக்கானவருக்குத் தங்க கார்டு கொடுத்துவிட்டால், சூட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, தங்கம் பித்தளையாகாமல் என்ன ஆகும்?

மெம்பர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மாவின் முழங்கால் வலிக்குக் கீழ்த்தளத்து அறை அவசியம் என்றால், கல்யாண நாளுக்குக் கட்டாயம் நல்ல அறை வேண்டும் என்றால், அந்த அறைக்குப் பணம் கட்டி எடுப்பதுதான் முறை. அவசியத்தை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிட்டு, கிடைக்காதபோது ரிசப்ஷனில் நிற்கிற பிள்ளையிடம் "நான் யார் தெரியுமா?" என்று குரலை உயர்த்துவது அழகல்ல. அந்தப் பிள்ளைக்கு அறை ஒதுக்கும் அதிகாரமே பெரும்பாலும் கிடையாது. கணினி காட்டுவதைப் படித்துச் சொல்கிறது. அன்று இரவு எழுதுகிற ஒற்றை நட்சத்திர விமர்சனத்தில் அதன் பெயர் இடம்பெற்றால், மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய் நிற்பதும் அதுவே. விருந்தோம்பலில் நம் மரபுக்குப் படிநிலையே தெரியாது என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சத்திரங்களிலேயே சாதி பார்த்துத் தனிப் பந்தி போட்ட ஊர்தான் இது. உலோகம் பார்க்கும் கார்டை மட்டும் வெள்ளைக்காரன் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது.

யாரும் தொடாத ஓர் இடம் மிச்சமிருக்கிறது. வேலை நிமித்தம் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் கட்டுவது தங்கள் பணம் அல்ல, கம்பெனிப் பணம். அறைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் கம்பெனி கணக்கில், பாயிண்டும் அப்கிரேடும் ஆளின் கணக்கில். இது திருட்டு அல்ல. ஊர் ஊராய் அலைகிறவருக்கு ஏதோ ஓர் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்காகப் பக்கத்தில் இருக்கும் மலிவான ஓட்டலை விட்டுவிட்டுத் தன் கார்டு செல்லும் ஓட்டலை ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது, அந்தச் செலவு எங்கோ ஒரு கிளியரிங் பில்லில், ஒரு சரக்குக் கட்டணத்தில் ஏறி உட்கார்கிறது. சின்ன நிறுவனங்கள் நிறைந்த வடசென்னையில் இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஓட்டலோடு பேசும் வலிமையும் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. தனி மெம்பர் ஒருவர் எழுதும் புகாருக்கு மன்னிப்புக் கடிதமும் ஐந்நூறு பாயிண்டும் வரும், அவ்வளவுதான். வருஷத்துக்கு இத்தனை அறை எடுக்கிறோம் என்று கட்டண ஒப்பந்தம் போடுகிறவர்கள் பேசினால் காது கேட்கும். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை ஓட்டல்கள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பேசி முடிக்கின்றன. எம்.சி. ரோடு வியாபாரிகளும் துறைமுக ஏஜென்டுகளும் தனித்தனியாகப் போகாமல் சங்கமாகச் சேர்ந்து போய், விலையோடு இரண்டு வரியையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம்: அப்கிரேட் வரிசையை எழுத்தில் கொடுங்கள், கொடுக்க முடியாத நாள்களைச் செக்-இன் மேசையில் சொல்லாமல், முந்தைய நாளே செய்தியாக அனுப்பிவிடுங்கள்.