ரெஃபர் சீட்டு விஷத்தை முறிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு அது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, தன்னிடம் வரும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் கணக்கெடுப்பது வேறு, வைத்தியம் பார்ப்பது வேறு. விஷமுறிவு மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பில் இருக்கிறது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இருக்கட்டும். அந்தக் குப்பி அலமாரியை விட்டு இறங்கி, கடிபட்டவர் ரத்த நாளத்தில் எத்தனை மணிக்கு ஏறியது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கிராமத்து நிலையத்தில் ஒரு டி.டி. (டெட்டனஸ்) ஊசி, கையில் ஒரு ரெஃபர் சீட்டு, வாசலில் 108 ஆம்புலன்ஸ் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன். விஷம் ஏறியதற்கான அறிகுறி உள்ளவருக்கு, அவர் முதலில் படியேறும் இடத்திலேயே முதல் டோஸ் போட வேண்டும். போடாமல் அனுப்பினால் ஏன் என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2023இல் தமிழ்நாட்டில் பதிவான பாம்புக்கடிகள் 19,795. பதிவான மரணங்கள் 43. அதாவது ஏறத்தாழ 460 பேரில் ஒருவர். இதைப் பார்க்கும் எவருக்கும் நிலைமை மோசமில்லை என்றே தோன்றும். அங்கேதான் சிக்கல். வழியிலேயே ஆம்புலன்ஸில் போனவர், தோட்டத்திலேயே போனவர், மந்திரிப்பவர் திண்ணையில் போனவர் ஆகியோரின் மரணம் இயற்கைக்கு மாறான மரணம் என்று காவல் நிலையத்தில் பதிவாகும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறாது. தமிழகக் கிராமங்களில் 28,494 பேரிடம் வீடு வீடாக நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 3.9 சதவீதத்தினர் வாழ்நாளில் பாம்புக்கடி பட்டவர்கள் என்று தெரிந்தது. அந்த வீடுகளில் பாம்பு கடித்து இறந்தவர்கள் மக்கள்தொகையில் 0.45 சதவீதத்துக்குச் சமம். இது பல ஆண்டுகளின் கூட்டுக் கணக்கு. ஓராண்டுக் கணக்கோடு நேராக ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு 43 என்ற எண் எவ்வளவு குறுகிய சன்னல் வழியே பார்த்து எழுதப்பட்டது என்பதற்கு இது போதும். இந்தியா முழுவதற்கும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 மரணங்கள் என்று 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதுவும் வீட்டுக்கு வீடு கேட்டு எடுத்த மரணக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

முதல் டோஸுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடிக்கும். திசுவில் ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பாது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறைதிறனைத் தின்றுவிடும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சிறுநீரகம் செத்த பிறகு பத்துக் குப்பி போட்டாலும் இருபது போட்டாலும் டயாலிசிஸ் கட்டில்தான். கட்டுவிரியன் இன்னும் பொல்லாதது. தரையில் படுத்திருப்பவரை நடுராத்திரியில் கடிக்கும்; வலியும் இருக்காது, பல் பதிந்த தடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசை சோரும். நரம்பு முனைகளை அந்த விஷம் ஒருமுறை பற்றிவிட்டால் மருந்தால் அதை விடுவிக்க முடியாது. அவை தாமாகத் தேறும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டர்தான் துணை. இரண்டிலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது கடித்த கணத்தில். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சீட்டுப் பதியும் கணத்திலிருந்து அல்ல. கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ இருப்பவருக்கு இந்த இரண்டு கணங்களுக்கும் இடையே எத்தனை வளைவுச் சாலை என்பதை அரசு அறியும்.

சரி, கிராமத்து நிலையத்தில் விஷம் ஏறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேப் இல்லையே என்பார்கள். மத்திய அரசின் சிகிச்சை நெறிமுறை கேட்பது ஒரே ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய்தான். ரத்த நாளத்திலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் அப்போதைக்கு நிம்மதி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, கழுவிய சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடிக்கு இந்தக் குழாயும் வேண்டாம். இமை தொங்குகிறதா, கழுத்து நிற்கிறதா என்று டார்ச் விளக்கில் பார்த்தாலே போதும். (ரத்தம் உறையாத ஆளுக்குத் தசையில் டி.டி. ஊசி குத்தினால் அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆனால் நம்மூரில் தவறாமல் முதலில் நடப்பது அந்த ஊசிதான்.) எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை. உலகில் ஆண்டுக்கு 54 லட்சம் கடிகள், அவற்றில் விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வருகிறவர் எல்லாருக்கும் மருந்தை ஏற்று என்று யாரும் கேட்கவில்லை. பார், சோதி, தேவையானால் அங்கேயே தொடங்கு என்றுதான் கேட்கிறோம்.

மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படும் முதல் ஆட்சேபணை ஒவ்வாமை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து; உடல் முழுக்கத் தடித்து, ரத்த அழுத்தம் சரிந்து, ஆள் மேசையிலேயே போய்விட்டால் வெளியே நிற்கும் கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது? பாம்பென்றால் படையே நடுங்கும். தனியாக நிற்கும் ஓர் இளம் டாக்டர் நடுங்குவதில் வியப்பில்லை. அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒவ்வாமைக்கு முதல் மருந்து தொடையில் போடும் அரை மில்லிகிராம் அட்ரினலின். அது விலை உயர்ந்ததுமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் கிடைப்பதுமில்லை. மருந்து ஏறத் தொடங்கும் முன்பே அதைச் சிரிஞ்சில் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குப்பியும் பயமுறுத்தும் சரக்கல்ல. தூளாக வருவது; பத்து மில்லி நீர் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைக்கும். ஒரு குப்பி ஆறு மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அந்தப் பாம்பு சராசரியாக இறக்குவது அறுபத்து மூன்று மில்லிகிராம். எட்டு முதல் பத்துக் குப்பி என்ற முதல் டோஸ் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் குழந்தை என்று பாம்பு விஷத்தைக் குறைத்து வைப்பதில்லை. கூட்டத்தைக் கண்டு அஞ்சும் டாக்டருக்கு எழுத்தில் ஒரு கவசம் வேண்டும்: நெறிமுறைப்படி முதல் டோஸ் போட்டவர் மீது, விளைவு எதுவானாலும், நடவடிக்கை இல்லை என்று துறை உத்தரவு போடட்டும். போடாதவரிடம் மட்டும் விளக்கம் கேட்கட்டும். இப்போது நடப்பது தலைகீழ். அனுப்பிவிட்டவர் பத்திரமாக இருக்கிறார், துணிந்து போட்டவர்தான் பதில் சொல்கிறார்.

இரவில் டாக்டர் இல்லை, நர்ஸ் மட்டும்தான் என்பது அடுத்த ஆட்சேபணை. இது கனமானது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட வரப்பில் நடப்பவர், களத்தில் காவல் படுப்பவர் எல்லாரும் அந்த நேரத்தில்தான் கடிபடுகிறார்கள். ஆனால் இதே நர்ஸுகளை நம்பித்தானே இந்த மாநிலம் நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரப் பிரசவத்தை நடத்தியது, ஒவ்வொரு தாய் மரணத்தையும் தணிக்கை செய்து நாட்டுக்கே வழிகாட்டியது! 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்புகிறார்கள். சாலை விபத்துக்கு 2021இலிருந்து முதல் 48 மணி நேரச் செலவைத் தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்கிறது. முதலில் உயிரைப் பிடி, பிறகு அனுப்பு என்ற பாடத்தை நெஞ்சுக்கும் சாலைக்கும் படித்துவிட்ட சுகாதாரத் துறைக்கு வயல் மட்டும் ஏன் விட்டுப்போனது? தொலைபேசியில் ஒரு மூத்த மருத்துவர் வழிகாட்ட, பயிற்சி பெற்ற நர்ஸ் மருந்தைத் தொடங்குவது ராக்கெட் விடும் வேலையல்ல. மாத்திரை கொடுப்பதும் குதிரைச் சீரம் ஏற்றுவதும் ஒன்றா என்று கேட்டால், ஒன்றல்ல. அதனால்தான் பயிற்சியும் தொலைபேசியும் கேட்கிறேன்.

மருந்தே சரியில்லை, ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்று சிலர் சொல்வார்கள். வட இந்தியாவுக்கு அது உண்மையான கவலை. ஆனால் இந்தியாவில் இந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருவது நம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்துக் கொண்டாடினோம். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்திலிருந்து பிறந்த மருந்து தமிழ்நாட்டு நோயாளிக்குப் பொருந்தாது என்பது விசித்திரமான வாதம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கூன்மூக்கு விரியனுக்கு இந்த மருந்து பலிக்காது என்பது வேறு விஷயம். மேலும், பெரிய ஆஸ்பத்திரியில் போடப்போவதும் இதே குப்பிதானே? ஜனங்களே மந்திரிக்கப் போய் நேரத்தைக் கெடுக்கிறார்கள் என்ற புகாரிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் பக்கத்து நிலையத்துக்குப் போனாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்று ஊர் ஒருமுறை தெரிந்துகொண்டால், அடுத்தமுறை மந்திரிப்பவர் வீடு பக்கமாகத்தான் தெரியும்.

ஆகவே கேட்பது இதுதான். ஒவ்வொரு பாம்புக்கடிப் பதிவிலும் இரண்டு நேரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: முதல் நிலையத்துக்கு வந்த நேரம், முதல் டோஸ் ஏறத் தொடங்கிய நேரம். இந்த இடைவெளியை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். வழியில் இறந்தவரையும் சேர்த்து ஒவ்வொரு மரணத்தையும், தாய் மரணத்தைப் போலவே, ஆட்சியர் தலைமையில் தணிக்கை செய்ய வேண்டும். பிழைத்தவர்களை மூன்று மாதம் கழித்து ஒருமுறை தேடிப்போய், சிறுநீரகம் எப்படி, கால் எப்படி, வேலைக்குப் போகிறாரா என்று எழுதிக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனவரெல்லாம் குணமானவர் என்று இப்போது எழுதப்படுகிறது. பாம்புக்கடி மரணத்தை 2030க்குள் பாதியாக்குவோம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் செயல்திட்டம் வெளியிட்டது. எதில் பாதி? அந்த 43இல் பாதியா? முதலில் அதைத் துறை சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.