பெட்டியில் வந்த போர்க்கப்பல்

கோலார் தங்க வயலிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் அரைநாளேனும் இரயிலில் செல்ல வேண்டும். அத்தகைய ஊரில், ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில், கடந்த பதினான்கு மாதங்களாக ஒரு பாய்மரப் போர்க்கப்பல் வளர்ந்து வருகிறது. வீட்டுக்கு வருவோர் இரண்டே கேள்விகள் கேட்கின்றனர். என்ன விலை என்பது முதலாவது. இது எதற்கு என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை எளிது: ஓர் உயர்தரக் கைப்பேசியின் விலை. இரண்டாவது கேள்விக்கு ஓராண்டுக்கு முன் எங்களிடம் விடை இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கப்பலின் பெயர் ஹெச்.எம்.எஸ். விக்டரி. இங்கிலாந்தில் 1765-இல் நீரில் இறங்கியது. 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக இருந்தது. 1922 முதல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் உலர்துறையில் நிற்கிறது. அதன் 98-இல் ஒரு பங்கு அளவிலான மர மாதிரிதான் எங்களிடம் பெட்டியில் வந்தது. திறந்தால் கப்பல் இல்லை. ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏரா, அதில் செருகுவதற்குரிய வங்குகள், கட்டுக்கட்டாக மெல்லிய பலகைக் கீற்றுகள், நூல் உருண்டைகள், உளுந்தினும் சிறிய மரக் கப்பிகள், விரல் நீளம்கூட இல்லாத பீரங்கிகள், மேசையையே மூடிவிடும் வரைபடத் தாள்கள் ஆகியவையே இருந்தன. கப்பலை நாம்தான் கட்ட வேண்டும்.

நாங்கள் கற்ற வணிகவியலின்படி பார்த்தால் இது முழுக்க முழுக்கச் செலவினம். சொத்து என்று பதிவு செய்ய வழியில்லை. மறுவிற்பனை மதிப்பு ஏறத்தாழ இல்லை. செலவிட்ட மணிகளுக்கு மிகக் குறைந்த கூலியைக் கணக்கிட்டாலும் கப்பலின் அடக்கவிலை ஒரு நல்ல இருசக்கர வாகனத்தைத் தாண்டிவிடும். எதிர்காலத்துக்குச் சேமியுங்கள் என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைக்கும் நாங்கள் இப்படிச் செலவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள முதலில் கூச்சமாகவே இருந்தது.

பெட்டியை வாங்கியது எங்கள் மகளுக்காக. கைப்பேசியிலிருந்து அவள் கண்களை ஒரு மணி நேரமாவது விலக்க வேண்டும் என்பதே நோக்கம். அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். மூன்றாம் வாரம் அதைத் திறந்தவர் எங்கள் தந்தையார்.

தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரவேலைப் பிரிவில் பணியாற்றியவர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக, ஏறத்தாழ 3,200 மீட்டர் கீழே இறங்கிய சுரங்கம் அது. பாறை இறங்கிவிடாமல் தாங்குவதற்கு மரங்களை அளந்து, அறுத்து, முட்டுக் கொடுப்பது அவருடைய பிரிவின் வேலை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூரில் ஆயிரக்கணக்கானோர் செய்ததையே அவரும் செய்தார்: விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறி, நூறு கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலராக நின்று, இரவில் வீடு திரும்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அவருடைய உளியும் இழைப்புளியும் பரணில் சாக்குக்குள் கிடந்தன. அவற்றை நாங்களும் மறந்திருந்தோம்.

தந்தையார் பெட்டியைத் திறந்தபோது, எங்கள் தொடக்ககால முயற்சியும் அதற்குள் இருந்தது. ஏராவில் ஆறு வங்குகளை ஒட்டிப் பெருமையுடன் வைத்திருந்தோம். அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஓர் ஓரத்திலிருந்து பார்த்தார். பேத்தியை அழைத்தார். “கண்ணு, கோணலா இருக்குது. பிரிச்சிடு” என்றார். நாங்கள் மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். நான்காம் வங்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று எங்களுக்குத் தோன்றியது. அடியில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் பலகை ஏறும்போது ஐந்தாகும், பாய்மரம் நிற்கும்போது கப்பலே கவிழ்ந்தாற்போலத் தெரியும் என்றார். ஒட்டிய அனைத்தையும் நனைத்துப் பிரித்து மறுபடி தொடங்க இரண்டு வாரங்கள் வீணாயின. இம்முறை விட்டத்திலிருந்து தூக்குநூல் தொங்கவிட்டு, அதற்கு நேராக ஒவ்வொரு வங்கையும் நிறுத்தினோம்.

பலகை ஏற்றும் பருவம்தான் இவ்வேலையின் சிறந்த பகுதி என்போம். முதலில் வங்குகளின் விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். இல்லையேல் கீற்று வங்கின் முனையில் மட்டும் படும், முழுமையாக அமராது. கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து அணியத்தின் வளைவுக்கு ஏற்ப மெல்ல வளைத்து, துணி கிளிப்புகளால் பிடித்து உலரவிட வேண்டும். கப்பல் நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்குவதால், எல்லாக் கீற்றுகளும் ஒரே அகலத்தில் சென்றால் முனையில் இடம் போதாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே இழைத்து ஒடுக்க வேண்டும். முதலடுக்கு மென்மரம், அதன் பிழைகளை மறைக்க மேலே வால்நட் மரத்தில் இரண்டாம் அடுக்கு. முதலடுக்கில் செய்த தவறுகளைக் கடன்வாங்கி இரண்டாம் அடுக்கில் அடைக்கிறோம் என்று எங்கள் நண்பர் ஒருவர் கேலி செய்தார். வங்கியாளர்களுக்கு அது புரியாத செய்தியன்று.

கீற்றை வளைக்கும்போது தந்தையார் அதைக் காதருகே வைத்துக்கொள்வார். முறிவதற்குச் சற்று முன் மரம் மெல்லிய ஒலி எழுப்பும். அதைக் கேட்டதும் கையைத் தளர்த்திவிடுவார். பாறை திடீரென வெடித்துச் சரியும் கொடுமைக்குப் பெயர்போனவை எங்கள் ஊர்ச் சுரங்கங்கள். கீழே முட்டுமரம் கிறீச்சிடுவதைக் கேட்டு ஓடித் தப்பிய கதைகளை எங்கள் தலைமுறை கேட்டே வளர்ந்தது. ஆனால் அந்தக் கேட்கும் திறன் எப்படி இருக்கும் என்பதை முதன்முதலாகக் கண்டது இந்த மேசையில்தான். ஓர் அடி நீளக் கீற்றில் கண்டோம். பேத்தியும் இப்போது காதில் வைத்துப் பார்க்கிறாள்.

ஒரு கேள்வி நியாயமானது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்து தோண்டிய மண்ணில், கூலிகளாகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் பேரர்கள் நெல்சனின் கப்பலைச் செய்து மகிழ்வதா? எங்கள் சக ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், நாங்கள் சிரிக்கவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தபோதுதான் வேறொரு கப்பலை அறிந்தோம்.

அதன் பெயர் டிரிங்கோமலி. ஆம், நம் திருகோணமலையே ஆங்கிலேயர் நாவில் அப்படியாயிற்று. அத்துறைமுகத்துக்கு அருகே 1782-இல் நடந்த கடற்போரின் நினைவாக இட்ட பெயர். அது பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கில் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12-இல் நீரில் இறங்கியது. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகியிருந்த காலம் அது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அக்கப்பல் மிதக்கிறது. மரத்தின் பெயரையே அவர்கள் நம்மிடமிருந்துதான் கொண்டனர். ஆங்கிலத்தின் ‘டீக்’ நம் தேக்கே. இதை வீட்டில் சொன்னபோது, கப்பலைக் கட்டியவர் யார் என்பதைவிட எந்த மரம் என்பதில்தான் தந்தையாருக்கு ஆர்வம் இருந்தது.

அக்கப்பலின் வரைபடங்களுக்கு நேர்ந்தது இன்னும் விந்தை. அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் தாக்கி அழித்தது. வரைபடங்களும் அதனோடு போயின. மீண்டும் படி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. இன்று மாதிரிக்கப்பல் பெட்டிகள் விற்கும் எந்த இடத்திலும் விக்டரிக்கு அடுத்துக் கண்ணில் படுவது அந்தக் கான்ஸ்டிடியூஷன்தான்!

டிரிங்கோமலி இப்போது நிற்பது வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில். கப்பல் கட்டி வாழ்ந்த ஊர் அது. 1960-களின் தொடக்கத்தில் அத்தொழில் அங்கே முடிவுற்றது. ஆனால் தொழில் அறிந்த கைகள் ஊரில் இருந்தன. 1979 முதல் 1987 வரை வாரியர் என்னும் பழைய போர்க்கப்பலை அங்கே புதுப்பித்தனர். பின்னர் டிரிங்கோமலி அங்கே கொண்டுவரப்பட்டது. 1990-இல் தொடங்கிய புதுப்பிப்பு 2001-இல் நிறைவுற்றது. இன்று அதைக் காணவே மக்கள் அவ்வூருக்குச் செல்கின்றனர்.

அந்த ஆண்டைப் படித்ததும் சற்று நேரம் எங்களுக்குப் பேச்சு எழவில்லை. 2001. அங்கே, தொழிலிழந்த ஊரொன்று நம் தேக்குக் கப்பலைச் செப்பனிட்டு முடித்த ஆண்டு. இங்கே, எங்கள் ஊரின் சுரங்கங்கள் மூடிய ஆண்டு. ஆசியாவிலேயே முன்னோடியாக 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் தந்த ஊர் இது. அதன் அடையாளமாக இன்று வெளியூரார் காண்பது சயனைடு மண்மேடுகளையும், சுரங்க வாய்களின் மேல் துருவேறி நிற்கும் சில சக்கரக் கோபுரங்களையும்தான். கூண்டில் இறங்கியவர்கள், முட்டுக் கொடுத்தவர்கள், சக்கரத்தை இயக்கியவர்கள் ஆகியோரில் இளையவருக்கே இப்போது ஐம்பது வயதுக்கு மேல்.

எங்கள் கருத்து இதுதான். மர மாதிரி என்பது விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. இங்கிலாந்தின் கடற்படையினர் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே 48-இல் ஒரு பங்கு அளவில் கப்பல்களுக்கு மாதிரி செய்து வைத்தனர். கப்பல்கள் அழிந்தபின்னும் அவை எவ்வாறு கட்டப்பட்டன என்பதை அம்மாதிரிகளைக் கொண்டே அறிகின்றனர். எங்கள் ஊரின் கிஃபோர்ட் ஷாஃப்டுக்கும் எட்கர் ஷாஃப்டுக்கும் அத்தகைய மாதிரிகள் பள்ளிதோறும் இருக்க வேண்டும். கோபுரம், சக்கரம், கூண்டு, கீழே முட்டுக் கொடுத்த விதம் ஆகிய அனைத்தும் அளவோடு இருக்க வேண்டும். அவற்றைப் பெருநகரத்து நிறுவனத்திடம் கொடுத்துச் செய்து வாங்கக் கூடாது. இவ்வூரின் முதியோர் சொல்ல, இவ்வூரின் பிள்ளைகள் செய்ய வேண்டும். அருங்காட்சியகம் வரும்போது வரட்டும். அதற்காகக் காத்திருக்க முதியோருக்குக் காலமில்லை.

பணம் இதற்குப் பெருந்தடையன்று. 2023-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சரும், படகு கட்டுவோரும், பொம்மை செய்வோரும் அடங்குவர். பிணையின்றி முதலில் 1 இலட்சம் ரூபாய் வரையும், அடுத்து 2 இலட்சம் வரையும் 5 விழுக்காடு வட்டியில் கடன் உண்டு. ஒரு பட்டறை தொடங்க இது போதும். ஆனால் நான்காம் வங்கு கோணல் என்று கண்ணால் சொல்லும் அறிவுக்கு எந்தக் கிளையிலும் விண்ணப்பப் படிவம் இல்லை.

விக்டரியின் கயிற்று வேலை இப்போது பாதியில் நிற்கிறது. பாய்மரங்களுக்கு ஏறும் கயிற்றேணிகளில் நூற்றுக்கணக்கான முடிச்சுகள் இட வேண்டும். அது மகளின் பங்கு. ஒரு மாலையில் நாற்பது முடிச்சு என்று கணக்கு வைத்திருக்கிறாள். தந்தையார் மேசையின் மறுமுனைக்கு நகர்ந்துவிட்டார். கட்டக்கோடிட்ட தாளில் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருக்கிறார். சென்ற ஞாயிறு நாங்கள் மூவரும் சாம்பியன் ரீஃப் சாலையோரம் நின்று, ஒரு கோபுரச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினோம். மகள் ஒரு எண் சொன்னாள், தாத்தா வேறொன்று சொன்னார். வரும் ஞாயிறு மீண்டும் எண்ணப் போகிறோம்.