வில்லனாக்குங்கள், துரியோதனனைப் போல

2013-இல் தொடங்கி விஜய் டிவியில் தமிழ் பேசிய மகாபாரதத்தில் பீமனாக வந்தவர் சௌரவ் குர்ஜார். பத்தாண்டு கழித்து அதே ஆள் டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங்கில் ‘சாங்கா’ என்ற பெயரோடு, ஜிந்தர் மஹாலின் வில்லன் கோஷ்டியில் நின்றார். நேற்றைய பீமன் இன்று வில்லனா என்று பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ரெஸ்லிங் பார்க்கும் பிள்ளைகள் முகம் சுளித்திருக்கலாம். என் கட்சி வேறு. வளர்ந்துவரும் ரெஸ்லருக்கு முதலில் கொடுக்க வேண்டியது வில்லன் வேஷம்தான். அவர் எதற்காக வில்லன் என்று சொல்லும் காரணத்தில்தான் அந்த கம்பெனி இந்தியர்கள் விஷயத்தில் சறுக்கிக்கொண்டே இருந்தது.

இதற்கு அளவுகோல் தர்மபுரி வட்டாரத்திலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்தில் துரியோதனன் சும்மா வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து முதலில் குரல் வரும். பிறகு கிரீடத்தின் நுனி தெரியும். யாரய்யா நீர் என்று கட்டியக்காரன் சீண்ட, தன் குலத்தையும் கொடியையும் தம்பிமார் பெருமையையும் தானே பாடி, சுற்றிச் சுழன்று ஆடிய பிறகுதான் சபைக்கு அவன் ராஜா. எந்த ஊர்க்காரன் என்பதைப் பார்த்து அவனை யாரும் வெறுப்பதில்லை. சபை நடுவே ஒரு பெண்ணின் சேலையை உரியச் சொன்னதற்காக வெறுக்கிறார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய அவனுடைய பேருருவத்தின் தொடையில் பீமன் அடிக்கிறான், திரௌபதி கூந்தல் முடிகிறாள். அதோடு விட்டுவிடுவதில்லை. பெருந்திருவாள் புருஷனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். அவன் சாவைப் பார்க்க வந்த பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அவ்வளவு கனமான வேஷத்தைத் தேர்ந்த ஆட்டக்காரர்தான் கட்ட முடியும்.

ஜிந்தர் மஹாலுக்கு என்ன கிடைத்தது? கனடாவின் கால்கரியில் பிறந்த அவர் 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். தலைப்பாகையோடு வந்து, பஞ்சாபியில் பேசி, வேற்றாள் என்பதால்தானே என்னை வெறுக்கிறீர்கள் என்று அமெரிக்கக் கூட்டத்தைக் குத்திக்காட்டுவதுதான் அவருக்கு எழுதிய வில்லத்தனம். குற்றம் என்று நினைவில் நிற்க ஒன்றுமில்லை. நவம்பரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பெல்ட் போனபோது அவருக்காக ஒப்பாரி வைக்கவும் ஆளில்லை. இன்னொரு இந்திய ரெஸ்லர் வீர் மஹான் கதை இன்னும் பரிதாபம். வருகிறார், வருகிறார் என்று 2021 கடைசியிலிருந்து மாதக்கணக்கில் விளம்பரம். 2022 ஏப்ரலில் ஒருவழியாக வந்தார். வந்தவருக்கு யார்மேல் என்ன கோபம் என்று யாருக்கும் விளங்கவில்லை. திரையை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் மஹால், வீர், சாங்கா மூவரையும் கம்பெனி ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது.

இந்தியாவில் இத்தனை ரசிகர்கள் இருக்கும்போது நேரே ஹீரோவாக்கினால் என்ன என்று கேட்பார்கள். ஹீரோவைக் கம்பெனியால் நியமிக்க முடிவதில்லை. 1996-இல் டுவைன் ஜான்சனை, சிரித்த முகத்து ராக்கி மைவியாவாக இறக்கினார்கள். சில மாதங்களிலேயே அரங்கம் அவரைச் செத்துப்போகச் சொல்லிக் கத்தியது. 1997-இல் வில்லன் கோஷ்டியில் சேர்ந்து, தன்னையே ‘தி ராக்’ என்று யாரோ போலச் சொல்லிக்கொள்ளும் அகங்காரம் வந்த பிறகு அதே அரங்கம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ரோமன் ரெய்ன்ஸை ஹீரோவாக்க வருடக்கணக்கில் முட்டிமோதியும் கிடைத்தது கூச்சல்தான். 2020 ஆகஸ்டில் வில்லனாகத் திரும்பி வந்தவர் 1,316 நாள் பெல்ட்டை விடவில்லை. அதற்குள் கைதட்டலும் அவர் பக்கம் வந்துவிட்டது. மஹாலையோ 2017 டிசம்பரில் டெல்லிக்குக் கூட்டிவந்து, இந்தியக் கூட்டத்தின் முன்னால் டிரிபிள் எச்சிடம் தோற்கவைத்து, பிறகு இருவரும் பாங்க்ரா ஆடினார்கள். அடிவாங்கிய வில்லனைக் கூடவே ஆடவிட்டால் கோபமும் போச்சு, பரிதாபமும் போச்சு.

எழுதிவைத்து ஆடும் சண்டைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பவர்களும் உண்டு. இது பொழுதுபோக்குதான் என்று 1989-இலேயே நியூ ஜெர்சி அரசிடம் அந்த கம்பெனி ஒப்புக்கொண்டாயிற்று. பீமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதானே நம் ஜனங்களும் விடியவிடிய உட்காருகிறார்கள்!

கொஞ்சம் வலுவான ஆட்சேபம் மொழி பற்றியது. ராக்கும் ரெய்ன்ஸும் ஆங்கிலத்தில் வெளுத்துவாங்கினார்கள், நம்மவர்களால் முடியுமா? கிரேட் காலி 2006-இல் வில்லனாக நுழைந்தபோது அவருக்காக மேனேஜர் டைவாரி பேசினார்; அடுத்த ஆண்டே வேர்ல்டு ஹெவிவெயிட் பட்டம் வென்றும், பின்னாளில் பெண்களுக்கு முத்தம் கொடுக்கும் கோமாளியாகத்தான் அவரை வைத்திருந்தார்கள். ஆனால் ஜப்பானின் அசுகா மைக் பிடித்தால் ஜப்பானிய மொழியிலேயே பொரிந்து தள்ளுகிறார். ஒரு வார்த்தை புரியாத அமெரிக்கர்களும் ரசிக்கிறார்கள். அடுத்து வரும் இந்தியர் இந்தியிலோ தமிழிலோ பேசட்டும், மைக் அவர் கையிலேயே இருக்கட்டும். கூட்டம் அவர் மொழிக்காகக் கூச்சல் போடாமல் இருக்க வேண்டுமானால், வந்த மாதமே அவர் கூடப் பழகியவன் ஒருவனை முதுகில் குத்தியிருக்க வேண்டும்.