வைத்தியச் செலவும் சாகுபடிச் செலவே

விதை, உரம், கூலி என்று கணக்கு எழுதும் உழவர் பெருமக்கள் வைத்தியச் செலவை எழுதுவதில்லை. நகை அடகுக்குப் போவதும், கறவை மாடு சந்தைக்குப் போவதும் பல வீடுகளில் அதனால்தான்.

இதை மாற்ற விவசாயிகளே முன்னின்ற இடம் ஒன்று உண்டு. அது கனடாவின் கோதுமை மாநிலமான சஸ்காச்சுவான். முதல் உலகப் போர்க் காலத்தில், சர்னியா ஊராட்சியில் டாக்டர் ஊரை விட்டுப் புறப்படவிருந்தபோது, வரிப் பணத்தில் சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் மாட் ஆண்டர்சன் என்ற விவசாயி, ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் வரி கட்டினால் டாக்டரும் ஆஸ்பத்திரியும் கிடைக்கும் என்று பல்லாண்டு வாதாடினார். 1939-ல் அதற்குச் சட்டம் வந்தது. 1962 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் மருத்துவக் காப்பீடு வந்தது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நிலைத்தது.

நமது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நல்லதே. ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அது உதவும். காய்ச்சலுக்குத் தனியார் டாக்டரிடம் போனால் கைக்காசுதான். புறநோயாளிச் செலவையும் சேர்க்கும்படி ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஓராண்டு மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொன்னதை அதிகாரிகள் எழுதிக்கொள்வது குறைவு. இது என் விரிவாக்கப் பணி அனுபவம்.