நிறம் போனால் நீர் தூய்மையாகிவிடுமா?

ஒளியால் தூண்டப்படும் நானோ துகள்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ‘சிதைவு’ என்னும் சொல் அதன் பொருளை இழந்துவிட்டது. மெத்திலீன் நீலத்தின் நிறம் மங்கியதைக் கருவி காட்டுகிறது. கட்டுரை அதை ‘மாசு சிதைந்தது’ என்கிறது. தலைப்போ ‘சுற்றுச்சூழல் சீரமைப்பு’ என்று முழங்குகிறது. இம்மூன்றும் வெவ்வேறு கூற்றுகள். சான்று முதலாவதற்கு மட்டுமே உண்டு.

1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டேனியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்ததிலிருந்து கிளைத்த துறை இது. அதன் அடிப்படை அறிவியலில் குறையில்லை. ஒளி பட்டதும் துகளில் எலக்ட்ரானும் துளையும் பிரிகின்றன. அவற்றால் உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் கரிம மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. வினை முற்றுப்பெற்றால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கனிம அயனிகளும் எஞ்சும். பாதியில் நின்றால் நிறமற்ற இடைநிலைச் சேர்மங்கள் எஞ்சும். அவற்றுள் சில மூலச் சாயத்தினும் நஞ்சு மிக்கவையாக இருக்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் தெளிந்த நீரே. மொத்தக் கரிமக் கார்பனை அளந்தாலன்றி வேறுபாடு புலப்படாது.

ஆய்வகக் குடுவையில் இருப்பது காய்ச்சி வடித்த நீரும் ஒரே ஒரு சாயமும். ராஜஸ்தானின் பாலி நகரச் சாயப்பட்டறைக் கழிவு கலந்த பாண்டி ஆற்றின் நிலை வேறு. அத்தகைய கழிவில் கலங்கல் ஒளியை மறிக்கிறது. கார்பனேட்டும் குளோரைடும் தனி உறுப்புகளை விழுங்குகின்றன. வழக்கமான அனடேஸ் வகைத் துகளைத் தூண்டும் புற ஊதாக் கதிரோ சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, கரைந்த உப்பை எந்த ஒளிவினையூக்கியும் அகற்றாது. ஆற்றோர உழவர்களை நீதிமன்றம்வரை செலுத்திய கேடு வெறும் நிறம் அன்று. பாழான கிணறும் விளைநிலமும் ஆகும்.

‘இது அடிப்படை ஆய்வு, பயன்பாடு பின்னர் வரும்’ என்பர். நியாயமே. அப்படியாயின் தலைப்பும் அதையே சொல்லட்டும். அடிப்படை ஆய்வுக்கு இரவல் பெருமை தேவையில்லை. நல்கை பெறும்போது ஆற்றைக் காட்டுவதும், வினா எழும்போது குடுவைக்குள் ஒளிவதும் அறிவு நேர்மை ஆகாது.

வாய்மொழித் தேர்வுகளில் மூன்று வினாக்கள் கட்டாயமாகட்டும். கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது? உண்மையான கழிவுநீரில் சோதித்தது உண்டா? நீரில் இட்ட துகள்களில் எவ்வளவு மீட்கப்பட்டது? விடையில்லாத ஆய்வேட்டிலிருந்து ‘சீரமைப்பு’ என்ற சொல் நீக்கப்படட்டும்.