அழைப்புக்கான காத்திருப்பும் புள்ளிக் கணக்கும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் செவிலியர்களும் பொறியாளர்களும் 189 எனும் திறன்சார் விசாவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ‘ஸ்கில்செலக்ட்’ தளத்தில் விருப்பத்தைப் பதிந்துவிட்டு, அந்நாட்டு அரசு சுற்றுதோறும் விடுக்கும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். வயது உள்ளிட்ட தகுதிகளுக்குத் தரப்படும் புள்ளிகளில் 65 பெறுவது பதிவதற்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே; கூடுதல் புள்ளி பெற்றவர்களுக்கே முன்னுரிமை கிடைப்பதால், 65 போதும் என்று முகவர்கள் சொல்வது பெருந்தவறு. காத்திருக்கும் காலத்திலும் இழப்பு உண்டு: 33 வயதானதும் வயதுக்குரிய 30 புள்ளிகள் 25 ஆகக் குறைகின்றன; பதிவோ 2 ஆண்டுகளில் காலாவதியாகிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், எத்தொழிலுக்கு எத்தனை புள்ளிகளில் அழைப்பு சென்றது என்பதைச் சுற்றுதோறும் தமிழில் வெளியிட்டு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பலகையிலும் ஒட்டினால், நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே குடும்பங்கள் உண்மை நிலையை அறியும்.

– வாசகர், திண்டிவனம்