முதல் தண்ணீரைக் கொட்டிவிடு!

இரணியலை ஒட்டிய திங்கள்சந்தைக்குப் போனால் மண் வாசனை மாறாத மரச்சீனிக் கிழங்கு வாங்கலாம். கொஞ்ச தூரத்தில் குளச்சல் கடற்கரை. அங்கிருந்து வரும் சாளை மீனையும் வாங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. அவித்த கிழங்கு, சாளைக் கறி, அம்மியில் சதைத்த காந்தாரி மிளகாய். சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் ஆசையாகக் கேட்கும் சாப்பாடு இதுதான்.

இன்றைக்கு ஆசைக்குச் சாப்பிடுகிறோம். 80 வருடங்களுக்கு முன்னால் வேறு வழியில்லாமல் சாப்பிட்டார்கள். அதற்குக் காரணம் எங்கோ நடந்த ஓர் உலகப்போர்.

ரங்கூன் விழுந்தது, உலை காய்ந்தது

1942 மார்ச் மாதம் ஜப்பான் படை பர்மாவின் தலைநகர் ரங்கூனைப் பிடித்தது. இரணியலுக்கும் ரங்கூனுக்கும் என்ன சம்பந்தம்? அரிசிதான்.

அப்போது இரணியல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென்னை, மிளகு, ரப்பர் என்று பணப்பயிர் பெருகியிருந்த திருவிதாங்கூரில், விளைந்த நெல் ஜனங்களின் தேவையில் பாதிக்குக்கூடக் காணாது. மீதி அரிசி வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. பர்மா கைவிட்டுப் போனதும் அந்த அரிசியும் நின்றுபோனது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்கள்தான் சமஸ்தானத்துக்கே நெற்களஞ்சியம். அங்கே விளைந்த நெல்லை அரசு கொள்முதல் செய்து ரேஷனில் அளந்து கொடுத்தது. இரணியல் இருக்கும் கல்குளம் பக்கமோ மேடும் தோட்டமும் தென்னையும் பனையும் நிறைந்த பூமி. ரேஷன் அரிசி தீர்ந்த பிறகு மிச்ச நாட்களை ஓட்ட வீட்டு மனையில் விளைவதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

1943-ம் வருட வங்காளப் பஞ்சத்தைப் பற்றிப் படித்திருப்போம். 20 முதல் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதே நேரத்தில் திருவிதாங்கூரிலும் பட்டினி இருந்தது. 1943-44ல் இங்கே நிலவிய உணவுப் பஞ்சத்தையும் சத்துக்குறைவு நோய்களையும் பற்றி கே.ஜி.சிவசாமியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1945-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பஞ்சம் வீட்டுப் பேச்சில் வருவது குறைவு. பட்டினி கிடந்த கதையைச் சொல்லிக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருக்கும்.

பேச்சில் வராதது சமையலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சமையலறையில் மூன்று விதிகள்

மரச்சீனி நம் ஊர்ப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஜனங்களை ஊக்குவித்தார். அவர் செய்த வேலை, 60 வருடம் கழித்துப் பலரின் உயிரைக் காப்பாற்றியது. குச்சியை வெட்டி நட்டால் போதும். வயலும் வாய்க்காலும் வேண்டாம், மேட்டு நிலத்திலேயே விளையும்.

இந்தக் கிழங்கைச் சமைக்க வீட்டுப் பெரியவர்கள் சில விதிகள் வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் 'அப்படித்தான் செய்யணும்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதல் விதி, 'முதல் தண்ணீரைக் கொட்டிவிடு.' மரச்சீனியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. கசப்பு ரகத்தில் அது அதிகம். தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் ஆபத்து குறையும். எப்போதாவது சாப்பிடும் வீட்டிலேயே இது முக்கியம். தினமும் அதுவே சாப்பாடு என்ற வீட்டில் இது உயிர்ப் பிரச்னை.

இரண்டாவது விதி, 'பிடுங்கினால் போட்டு வைக்காதே.' தோண்டிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கறுத்துக் கெட்டுப்போகும். அதனால்தான் சீவி, வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கும் பழக்கம் வந்தது. காய்ந்த துண்டுகளை இடித்தால் மாவு, மாவில் புட்டு. அரிசி இல்லாத மாதத்துக்கு அது ஒரு சேமிப்புக் கணக்கு.

மூன்றாவது விதி, 'கிழங்கை வெறும் வயிற்றில் தனியாகத் தின்னாதே, தொட்டுக்க மீன் வேணும்.' மரச்சீனியில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. மலிவாகக் கிடைத்த சாளை அந்தக் குறையை நிரப்பியது. கிழங்கும் மீனும் நல்ல ஜோடி என்று நாக்கு சொல்வதை உடம்பும் ஒப்புக்கொள்கிறது.

பசியில் எழுதிய கேக் குறிப்பு

இதே உலகப்போரில், ஐரோப்பாவில் இன்னொரு பெண் தன் சமையலை எழுதி வைத்தார்.

அவர் பெயர் மினா பாக்டர். யூதப் பெண். செக் நாட்டில் தெரசின் என்ற ஊரில் நாஜிகள் நடத்திய முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். சாப்பாடே சரியாகக் கிடைக்காத அந்த இடத்தில் அவரும் கூட இருந்த பெண்களும் தங்கள் வீட்டுச் சமையலை ஒருவருக்கொருவர் சொல்லி, கிடைத்த காகிதங்களில் எழுதினார்கள். கேக், இனிப்பு, விருந்துப் பதார்த்தம் எல்லாம் அதில் உண்டு. சில குறிப்புகளில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கும், சிலவற்றில் ஒரு படி விட்டுப்போயிருக்கும். பசியில் வாடியவர்கள் ஞாபகத்திலிருந்து எழுதியது அல்லவா!

1944-ல் மினா அங்கேயே இறந்தார். சாவதற்கு முன் அந்தக் காகிதக் கட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, மகளிடம் சேர்க்கச் சொன்னார். மகள் ஆனி இருந்த இடம் மாறிக்கொண்டே போனதால், பல கை மாறி, சுமார் 25 வருடங்கள் கழித்துத்தான் நியூயார்க்கில் அவர் கைக்குக் கட்டு வந்து சேர்ந்தது. 1996-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வெளிவந்தது.

தெரசினில் பட்டினியில் இருந்தவர்கள் விருந்தை எழுதினார்கள். இரணியல் பக்கத்தில் இன்று வயிறு நிறைந்தவர்கள் பட்டினியின் சமையலைச் செய்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம்: அவர்கள் எழுதினார்கள், நாம் எழுதவில்லை.

ஒரு சிரட்டைக் கஞ்சி

எழுதாமலும் ஞாபகத்தைக் காப்பாற்ற வழி உண்டு. அதற்கு உதாரணம் ஈழத்தில் இருக்கிறது.

2009-ல் இலங்கைப் போரின் கடைசி வாரங்களில், முல்லைத்தீவில் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவில் ஒரு சிறு நிலத்தில் மக்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். பலருக்கு அப்போது கிடைத்த சாப்பாடு கஞ்சி மட்டுமே. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் உணவுக்காக மக்கள் வரிசையில் நின்ற இடங்களிலும் குண்டு விழுந்ததை, 2011-ல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

இப்போது ஒவ்வொரு மே மாதமும், 18-ம் தேதி நினைவு நாளுக்கு முந்தைய நாட்களில், 'முள்ளிவாய்க்கால் கஞ்சி' காய்ச்சித் தெருவில் பகிர்கிறார்கள். பல இடங்களில் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். போருக்குப் பிறகு பிறந்த குழந்தை அதைக் குடித்துவிட்டு, 'ஏன் இதில் ஒண்ணுமே இல்ல?' என்று கேட்டால் போதும். பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ருசியாக மாற்றாமல், ஒன்றும் சேர்க்காமல் வைத்திருப்பதுதான் அந்தக் கஞ்சியின் பலம். நம் மரச்சீனிக்கு நடந்தது நேர் எதிர். தேங்காய் அரைத்து ஊற்றி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, ஹோட்டல் மெனுவில் ஏற்றிவிட்டோம். அதில் தப்பில்லை. வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றுதானே பாட்டிமார் ஆசைப்பட்டார்கள்! ஆனால் அந்தச் சாப்பாடு எதற்காக வீட்டுக்குள் வந்தது என்ற கதை, தட்டிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்

1943-ல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. நேரில் கண்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அவர்களிடமிருந்து கேட்டு வளர்ந்த மகள்களும் மருமகள்களும் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களிடமாவது கேட்டுவிட வேண்டும்.

'பஞ்சத்தைப் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. சமையலைக் கேளுங்கள். 'அம்மச்சி, அரிசி கிடைக்காத நாள்ல உங்க வீட்டில என்ன அவிச்சாங்க? எத்தனை பேருக்கு எவ்வளவு கிழங்கு? முதல்ல யாருக்கு விளம்புவாங்க, கடைசியில யாரு சாப்பிடுவாங்க?' கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அந்தக் காலத்து அம்மாக்களின் வாழ்க்கை முழுவதும் இருக்கும்.

கையில் போன் இருக்கிறது. குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். 'ஒரு பிடி' என்றால் ஒரு பிடிதான், அதை கிராமாக மாற்ற வேண்டாம். 'தேங்காய் இருந்தால் போடலாம்' என்று சொன்னால், அந்த 'இருந்தால்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் அந்தக் காலத்து முறையிலேயே செய்தும் பாருங்கள்.

ஒரு கிலோ மரச்சீனியைத் தோலுரித்து, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையையும் நீக்கி, துண்டுகளாக வெட்டிக் கழுவுங்கள். நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவையுங்கள். பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கிழங்கு வெடித்து மலரும் வரை வேகவிட்டு மறுபடி வடியுங்கள். கசக்கும் கிழங்கை மட்டும் சாப்பிடவே வேண்டாம். நான்கு காந்தாரி மிளகாய், நான்கு சின்ன உள்ளி, உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து அம்மியில் சதையுங்கள். எண்ணெய் இருந்தால் ஒரு சொட்டு விடுங்கள்.

பிள்ளைகளை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். 'மீன் கறி எங்கே? தேங்காய் எங்கே?' என்று கேட்பார்கள். அப்போது 1942-ல் ரங்கூனில் நடந்ததிலிருந்து கதையை ஆரம்பிக்கலாம். சொல்லி முடித்த பிறகு, அடுப்படியில் மூடி வைத்திருக்கும் சாளைக் கறியை எடுத்து வந்து வையுங்கள்.